ஃபாயில் சுற்றிய தட்டுகள்

செங்கல்பட்டு நாட்டு மருந்துக் கடையில் கார்போகரிசி வாங்கி, இடித்து, சாறு இறக்கியவள் நான். தோலில் படையை உண்டாக்கும் பூஞ்சையை ஆய்வுத் தட்டுகளில் வளர்த்தவளும் நான்தான். மறைமலைநகர் கம்பெனியில் நாளெல்லாம் வியர்வையில் நிற்கும் என் அம்மாவுக்கு இடுப்பில் படை ஆறியதே இல்லை. அதனால்தான் அந்தத் தலைப்பை எடுத்தேன். என் பிஎச்.டி. முழுக்க அதை நம்பித்தான் இருந்தது.

நான் தட்டில் விடும் அளவுக்கு அந்தச் சாறு இருட்டில் ஒன்றும் செய்யாது. புற ஊதா விளக்கின் கீழ் சற்று நேரம் வைத்தால்தான் பூஞ்சையைக் கொல்லும். முதன்முதலில் தட்டு சுத்தமாக இருந்த சந்தோஷத்தில் லேபின் சீனியர் அண்ணனிடம் ஓடிக் காட்டினேன். "சூப்பர்மா!" என்றார். விளக்கைப் பற்றிச் சொல்ல வாயெடுப்பதற்குள் போன் வந்து போய்விட்டார்.

மாமல்லபுரத்தில் நடக்கவிருந்த கருத்தரங்கின் அழைப்பிதழில் என் கண்டுபிடிப்பு அவர் பெயரில் இருந்தது. என் பிஎச்.டி. கைடிடம் போய் நின்றேன். "ஒரே லேபுதானேம்மா, யாரு சொன்னா இன்னா? அவனுக்கு இன்டர்வியூ வருது" என்றார். அன்றோடு அந்த அண்ணன் என் மனசுக்குள் 'அவன்' ஆனான். நாசமாய்ப் போகட்டும் என்று மனசார நினைத்தேன். இன்றைக்கும் அதற்கு வருத்தமில்லை.

கருத்தரங்கில் எல்லோர் முன்னிலையிலும் தட்டைத் திறந்து காட்ட அவனுக்கு ஆசை. சாறு வெளிச்சத்தில் கெட்டுவிடும் என்று பாட்டிலுக்கு நான் ஃபாயில் சுற்றி வைப்பேன். அதைப் பார்த்திருந்தவன், சாறு விட்ட கையோடு தட்டுகளுக்கும் சுற்றினான். சீர்வரிசைத் தட்டுக்குச் சுற்றுவது போல அத்தனை அக்கறை. "டேப்பும் ஒட்டிடுங்க அண்ணா, பத்திரம்" என்று டேப்பை எடுத்துக் கொடுத்தவள் நான்.

கடற்கரை விடுதியின் ஹாலில் ஃபாயிலைப் பிரித்தான். சாறு விட்ட தட்டு, விடாத தட்டு, இரண்டிலும் பஞ்சு பஞ்சாகப் பூஞ்சை. நான் எழுந்து நின்றேன்.

"லைட்ல எவ்ளோ நேரம் வெச்சீங்க?"

"லைட்டா? எந்த லைட்டு?"

கைடு தலையைக் குனிந்துகொண்டார். தலைமை தாங்கிய பேராசிரியை என்னை மேடைக்குக் கூப்பிட்டார். பையில் எடுத்துப் போயிருந்த என் தட்டுகளைத் திறந்து, விளக்கின் சங்கதியை முழுசாகச் சொன்னேன். யாருடைய ஆய்வு என்று அதற்குமேல் யாரும் கேட்கவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் வந்து நின்றான். கண் கலங்கியிருந்தது.

"கூடவே சுத்திகினு இருந்தியேம்மா. ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

மீன் வறுவலை இன்னொரு துண்டு எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

"எடுக்கறதுக்கு முன்னாடி நீங்க எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா அண்ணா?"