மாப்பிள்ளை போட்ட பெருங்காயக் காபி

இன்னைக்கு என்னை "பார்க்க" வந்தாங்க. காபியும் நானே போட்டேன்!

இருங்க, முழுசா சொல்றேன்.

நான் இருக்கிறது ஜனக்புரி, வேலை குர்கான், அம்மா அப்பா கரூர். கொஞ்ச மாசமா நித்யான்னு ஒரு பொண்ணுகூட போன்ல பேசிட்டு இருக்கேன். வீட்ல பார்த்த அலையன்ஸ்தான். ஆர்.கே.புரத்துல பொறந்து வளர்ந்தவ. எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. (அவகிட்ட சொல்ல தைரியம் இல்லாம அம்மாகிட்ட சொன்னேன். அம்மா ஊர் பூரா சொல்லியாச்சு!)

ஒரு நாள் அவ சொன்னா: "நான் காபி ட்ரே தூக்கிட்டு வந்து நிக்க மாட்டேன். நாங்க உங்க வீட்டுக்கு வரோம். நீங்க போடுங்க. ஃபில்டர் காபி! அப்புறம்தான் என் முடிவு."

"அச்சா, டன்!"னு கெத்தா சொல்லிட்டேன்.

ஆபீஸ் மெஷின்ல பட்டன் அமுக்கறதைத் தவிர எனக்குக் காபி பத்தி ஒரு மண்ணும் தெரியாது!

முதல்ல குர்கான்ல ஒரு ஸ்டைலான கடையில கொட்டை வாங்கினேன். பாக்கெட் மேல "புளூபெர்ரி, மல்லிகை"ன்னு எழுதியிருந்துச்சு, காபியில அந்த வாசனையெல்லாம் வருமாம். லைட் ரோஸ்ட். பால் ஊத்திக் குடிச்சா ஒரே புளிப்பு.

வீடியோ கால்ல கொட்டையைப் பார்த்த அம்மா கேட்டாங்க: "ஏன்டா, இது வறுத்ததா, வெயில்ல காய வெச்சதா?"

(பிளாக் காபி ஆளுங்க சண்டைக்கு வராதீங்க. பால் இல்லாம நல்லாத்தான் இருந்துச்சு!)

அடுத்து சூப்பர் மார்க்கெட்ல ஆஃபர்ல கிடந்த ஒன்னு. நல்ல கறுப்பு, ஆனா பிரிச்சா வாசனையே வரல. வறுத்து எத்தனை மாசம் ஆச்சோ!

அப்புறம்தான் புத்தி வந்துச்சு. புதுசா வறுத்திருக்கணும், பாலுக்குத் தாங்கற அளவு டார்க்கா இருக்கணும். பாதி பீபெர்ரி, பாதி பிளான்டேஷன் ஏன்னு ரெண்டு ரகக் கொட்டை வாங்கினேன். சிக்கரி வேணாம்னுட்டேன். ("கொஞ்சமாவது போடுடா"ன்னு அம்மாவுக்கு இன்னும் கோவம்.)

பையைப் பிரிச்சதும் ஹால் வரைக்கும் வாசனை! கிச்சன்ல தனியா டான்ஸ் ஆடினேன், பொய் சொல்லல.

மிக்ஸில விட்டு விட்டு ஓட்டணும், ஒரேயடியா ஓட்டினா பொடி சூடாயிடும். பொடியை லேசா அமுக்கணும், அழுத்தி அமுக்கினா டிகாக்‌ஷன் இறங்கவே இறங்காது. இந்தக் குளிர்ல அது சில்லுனு ஆகாம இருக்க ஃபில்டரை சுடுதண்ணிக் கிண்ணத்துல உக்கார வெச்சுடுவேன். நேத்து காலையில போட்ட காபி பிரமாதம்!

நேத்து சாயங்காலம் அம்மா போன்: "வர்றவங்களுக்கு இட்லிதானே? பொடி அரைச்சு வெச்சுடு."

அரைச்சேன். காபி அரைச்ச அதே மிக்ஸி ஜார்ல.

இன்னைக்குக் காலையில அதை டிஷ்யூவால துடைச்சுட்டுக் காபிக் கொட்டையைப் போட்டேன். (கழுவினா ஈரம் நின்னுடுமாம். என்ன அறிவு!) டில்லி புகையில மூக்கு வேற அடைச்சிருந்துச்சு. ஒரு வாசனையும் தெரியல.

பதினோரு மணிக்கு நித்யா, அவ அப்பா, அம்மா மூணு பேரும் வந்தாங்க. டேபிள் மேல போன்ல என் அம்மா. நுரை பொங்க, டபரா டம்ளர்ல கொண்டு போய்க் கொடுத்தேன்.

அங்கிள் ஒரு வாய் குடிச்சார். ஆன்ட்டியைப் பார்த்தார். ஆன்ட்டி சீலிங்கைப் பார்த்தாங்க.

நித்யாதான் வாயைத் திறந்தா: "அரே, பெருங்காயம் போட்டீங்களா?"

நானும் குடிச்சேன். பெருங்காயம்! பின்னாடியே மிளகாய்க் காரம்!

போன்ல அம்மா, "என்னடா ஆச்சு?"

பாத்திரம் கழுவ வர்ற தீதி மேல பழியைப் போட்டுடலாமான்னு ஒரு செகண்ட் தோணுச்சு. "நீங்கதானேம்மா பொடி அரைக்கச் சொன்னீங்க"ன்னும் நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு.

"நான்தான் அங்கிள். இட்லிப் பொடி அரைச்ச ஜாரைக் கழுவாம விட்டுட்டேன். இதைக் குடிக்காதீங்க. கொட்டை மிச்சம் இருக்கு, வேற போட்டுத் தரேன்"னு டம்ளரையெல்லாம் திரும்ப வாங்கிட்டு கிச்சனுக்குப் போயிட்டேன். நேரா அடுப்பைப் பார்த்து நின்னேன். அவ்ளோதான், போச்சுன்னு நினைச்சேன். அழுகையே வந்துச்சு.

பின்னாடி நித்யா. "பச்சரிசி இருக்கா? ஜாரைக் கழுவித் துடைச்சுட்டு அரிசியைப் போட்டு ஓட்டுங்க. வாசனையை அது இழுத்துடும்."

ஓட்டினோம். மறுபடியும் கொட்டையை அரைச்சோம். டிகாக்‌ஷன் சொட்டுச் சொட்டா இறங்கிச்சு. ஜல்திங்கற வார்த்தையே தெரியாது அந்த ஃபில்டருக்கு! நாங்க ரெண்டு பேரும் அதுக்குக் காவல் நின்னுக்கிட்டு சிரிச்சோம் பாருங்க, போன்ல இத்தனை மாசம் பேசினதுல அப்படிச் சிரிச்சதில்ல.

ரெண்டாவது ரவுண்ட் காபியை அங்கிள் ஒரு சொட்டு விடாம குடிச்சார். "தம்பி, இது காபி!"

கிளம்பும்போது லிஃப்ட் பக்கத்துல நித்யாகிட்ட மெதுவா கேட்டேன்: "முதல் காபி அப்படி ஆயிடுச்சு... உன் முடிவு?"

"காபி நல்லா வருமான்னு பார்க்க நான் வரல கார்த்திக். முன்னாடி ஒரு மாப்பிள்ளை வீட்டுக்குப் போயிருந்தோம். காபியில சர்க்கரை கம்மின்னு அந்தப் பையன் எல்லார் முன்னாடியும் அவங்க அம்மாவைத் திட்டினான். தப்பாப் போனா நீங்க யாரைத் திட்டுவீங்கன்னு பார்க்கத்தான் வந்தேன்."

லிஃப்ட் கதவு மூடறதுக்குள்ள, "அப்பா தேதி பார்ப்பாங்க"ன்னா!

மக்களே, எனக்குக் கல்யாணம்!!!

கிஃப்ட் என்ன வேணும்னு கேக்கறவங்களுக்கு: காபிக்குன்னே தனியா ஒரு கிரைண்டர். (ஒன்னு போதும், பேசி வெச்சுட்டு வாங்குங்கப்பா!)