கச்சான் ஒட்டும் என்று சொன்னேன்

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த பிறகு, குருநகர்த் தேவாலயத்தின் பங்கு மண்டபத்தில் புற்றுநோய் பற்றிப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். நான் பல்கலைக்கழகத்தில் உயிர் இரசாயனம் படிப்பிக்கிறவள். என் ஆராய்ச்சி லெக்டின்களைப் பற்றியது. விதைகளில் இருக்கும் ஒருவகைப் புரதம் அது. நம் உடம்பின் ஒவ்வொரு உயிர்க் கலத்தின் மேலும் சீனி மூலக்கூறுகள் மயிர்போல நீட்டிக்கொண்டிருக்கும். தனக்குப் பொருந்துகிற சீனியைக் கண்டால் லெக்டின் பிடித்துக்கொள்ளும். கருவின் கலங்களைப் போல முதிராமலே பெருகும் ஒருவகைக் கட்டி உண்டு. கச்சானில், அதுதான் நிலக்கடலையில், இருக்கிற லெக்டின் அந்தக் கட்டியின் கலங்களில் நன்றாக ஒட்டும்.

இதை விளக்கத் தொடங்கியதும் சனம் நெளிந்தது. பின்வரிசையில் தங்களுக்குள் கதைக்கத் தொடங்கிவிட்டார்கள். உடனே படத்தைப் போட்டேன். எலியின் கட்டிக் கலங்கள். சாயம் ஏற்றிய கச்சான் புரதம் அவற்றைச் சுற்றிப் பச்சையாய் ஒளிர்ந்தது. மண்டபம் அடங்கியது. அந்த அமைதி எனக்கு இனித்தது.

"நாங்கள் கொறிக்கிற கச்சான்தான், புற்றுநோயைத் தேடிப்போய்ப் பிடிக்குது" என்றேன்.

கை தட்டினார்கள். ஒட்டுவது வேறு, கொல்லுவது வேறு. சில நல்ல கலங்களிலும் அது ஒட்டும். இதெல்லாம் கண்ணாடித் தட்டில் நடந்தது. அடுத்து வாசிக்க வேண்டிய வரிகளாக இவற்றை என் தாளில் எழுதி வைத்திருந்தேன். கைதட்டல் ஓய்ந்ததும் அவற்றைத் தாண்டிப் போனேன்.

ஏழெட்டு வாரம் கழித்து, என் வயதுப் பெண் ஒருவர் பல்கலைக்கழகத்தில் என் அறை வாசலில் வந்து நின்றார்.

"மிஸ், அண்டைக்கு நீங்கள் கதைக்கேக்கை என்ரை தம்பியும் அங்கை இருந்தவன்."

தம்பி கடலுக்குப் போகிறவர். விதைப்பையில் கட்டி வந்து, வெட்டி எடுத்திருந்தார்கள். நான் படத்தில் காட்டிய அதே வகைக் கட்டி. ஊசி மருந்தும் ஏற்ற வேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். தம்பியோ இரண்டு தரம் கிளினிக்குக்குப் போகவில்லை. ஒவ்வொரு நாளும் பச்சைக் கச்சானை ஊறப்போட்டுத் தின்கிறாராம்.

"நான் அதை மருந்தெண்டு சொல்லேல்லையே!"

அதுதான் என் வாயில் முதலில் வந்தது. தம்பி எப்படி இருக்கிறார் என்றுகூடக் கேட்கவில்லை.

"ஓம் மிஸ், எங்களுக்குத்தான் விளங்கேல்லை போலை" என்று தலை குனிந்தார் அந்த அக்கா. என் பிழையையும் அவரே எடுத்துக்கொண்டார். அவரோடு ஓட்டோவில் ஏறி, அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

என்னைக் கண்டதும் தம்பி அவசரமாக மேற்சட்டையைப் போட்டுக்கொண்டு, நான் இருக்க ஒரு கதிரையைத் துடைத்து வைத்தார்.

"நீங்கள் சொன்ன மாதிரித்தான் செய்யிறன் மிஸ்" என்றார், சந்தோசமாக.

"நான் அரைகுறையாச் சொல்லிப்போட்டன். அது கட்டியிலை ஒட்டும், ஆனால் கட்டி சாகாது. கச்சான் திண்டு இந்த நோய் மாறாது. ஊசிதான் மாத்தும்."

ஊறப்போட்டிருந்த கச்சான் கோப்பையைத் தம்பி ஒருபக்கம் தள்ளி வைத்தார். "அந்த ஊசிக்குப் பயந்துதான் மிஸ் இதைப் பிடிச்சனான்."

மறுநாள் மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நோய் பரவி, வயிற்றுக்குள் ஒரு நிணநீர்க் கணு வீங்கியிருந்தது. முதலில் சொன்னதைவிடக் கூடுதல் தரம் மருந்து ஏற்ற வேண்டும் என்றார்கள்.

"ஏன் இவ்வளவு பிந்தினனீர்?" என்று டொக்டர் ஏசினார்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். என்னால்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. தம்பி என்னை ஒருமுறை பார்த்தார்.

"தொழிலுக்குப் போனனான் டொக்டர்" என்றார்.

மருந்துக்கு நோய் கேட்டது. தம்பி தலைமயிர் கொட்டி, உடம்பு பாதியாகி, பல மாதம் கடலுக்குப் போகாமல் கிடந்தார். இப்போது திரும்பவும் போகிறார்.

பங்குத்தந்தையிடம் கேட்டு, அதே மண்டபத்தில் இன்னொரு தரம் பேசினேன். விட்ட வரிகளை எல்லாம் சொன்னேன். வந்தவர்கள் கொஞ்சப் பேர்தான். எல்லாரும் போன பிறகு அக்கா என்னிடம் வந்தார்.

"இதெல்லாம் உங்களுக்கு அண்டைக்கே தெரியுமோ மிஸ்?"

"ஓம், தெரியும்."

அவர் கதிரைகளை அடுக்கத் தொடங்கினார். நானும் ஒன்றைத் தூக்கினேன்.

"வையுங்கோ மிஸ், நான் செய்யிறன்" என்றார்.