உரிமையாளர் பெயர்

போன வாரம் இந்தப் பக்கத்தில் பாப்பாவுக்குப் பல் முளைத்த கதை எழுதினேன். நிறையப் பேர் ரசித்ததாகச் சொன்னீர்கள். உண்மையைச் சொல்லட்டுமா? அதை எழுதும்போது என் மனசு அதில் இல்லை. வேறொன்றை எழுதப் பயந்துகொண்டு அதை எழுதினேன்.

அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை காலை. பாப்பாவுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் ஆரஞ்சு ஜாக்கெட் போட்ட இரண்டு பேர். கையில் டேப்லெட்.

பழவேற்காடு பக்கம் இருப்பவர்களுக்கு இந்த ஜாக்கெட்டை விளக்க வேண்டியதில்லை. பாறைக்குள் எண்ணெய் இருக்கிறதாம் — ஷேல் என்கிறார்கள். ஆறு மாதமாகக் கம்பெனிகள் வந்தபடி இருக்கின்றன. பொன்னேரியில் வாடகைக்கு வீடு கிடைப்பதில்லை. எளாவூர் செக்போஸ்ட்டில் குழாய் ஏற்றிய லாரிகள் வரிசையில் நிற்கின்றன.

டேப்லெட்டில் எங்கள் ஏரி. அதில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார் ஒருவர். "இங்க வலை கட்டியிருக்கே மேடம், யாருது?"

"எங்களுது" என்றேன்.

பொய் இல்லை. அன்றைக்கு அங்கே வலை கட்டியிருந்தது என் கணவர் வேலுதான்.

ஒரு ஃபார்ம் கொடுத்தார்கள். சர்வேக்கு மட்டும்தான் என்றார்கள். நான் பி.காம். ஃபார்மைப் பார்த்தால் கை துறுதுறுக்கும். 'உரிமையாளர் பெயர்' என்ற கட்டத்தில் அவர் பெயரை அழகாக எழுதினேன். 'ஆட்சேபம் இல்லை' என்பதற்குக் கீழே, கணவருக்காக என்று போட்டு என் கையெழுத்து. நகல் ஒன்றைக் கொடுத்துவிட்டு, "தேங்க்ஸ் மேடம், உங்களை மாதிரி எல்லாரும் கோஆப்பரேட் பண்ணா நல்லாருக்கும்" என்றார்கள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது!

மத்தியானம் வேலு வந்தார். நகலைக் காட்டினேன். படித்தார். மறுபடி படித்தார்.

"இன்னா கௌரி இது? நான் எப்போ ஏரிக்கு ஓனர் ஆனேன்?"

"இன்னிக்கு நம்ம பாடுதானே..."

"இன்னிக்கு நம்ம பாடு. நாளிக்கு செல்வி அக்கா வீட்டுது. நாளானிக்கு வேற ஆளுது. இது இன்னா உங்க நைனா வயலா, பட்டா போட்டு வச்சிக்கிறதுக்கு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் காட்டூரில் பிறந்தவள். அங்கே வரப்புக்கு இந்தப் பக்கம் ஒருவருடையது என்றால் என்றைக்கும் அவருடையதுதான். இங்கே அப்படி இல்லை. இறால் நன்றாக விழும் இடங்களை ஊரே முறை வைத்துக்கொள்கிறது. அந்த முறைக்குப் பெயர்தான் பாடு. உங்கள் முறை வந்தால் வலை கட்டலாம். முறை முடிந்ததும் தள்ளி நிற்க வேண்டும். சொந்தம் என்று யாருக்கும் ஒரு சாண் தண்ணீர் கிடையாது. கல்யாணமாகி நாலு வருஷம் இது தெரிந்தேதான் இருந்தேன். ஆனால் ஃபார்மைப் பார்த்ததும் காட்டூர்க்காரி ஆகிவிட்டேன்.

சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. பக்கத்து வீட்டுச் செல்வி அக்கா தண்ணீர்க் குழாயடியில் ஆரம்பித்தார். "இன்னா கௌரி, ஏரிய வாங்கிட்டியாமே? நாளிக்கு என் வூட்டுக்காரரு வலை கட்டணும், கொஞ்சம் பெர்மிஷன் குடு தாயே!"

சிரிப்புத்தான். ஆனால் குடத்தை நிரப்பியதும் என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார்.

மறுநாள் ஊர்க்கூட்டம். எங்கள் குப்பத்தில் கூட்டத்தில் பெண்கள் உட்காருவதில்லை. பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு கொட்டகைக்கு வெளியே நின்றேன்.

வேலு எழுந்து, "நான்தான் எழுதச் சொன்னேன் தலைவரே" என்றார்.

என்னைக் காப்பாற்றப் பார்க்கிறார். அது அவருக்கு எவ்வளவு பெரிய தண்டனையாக முடியும்? என் வாய் எப்படியோ திறந்துகொண்டது.

"இல்ல தலைவரே. அவருக்குத் தெரியாது. நான்தான் எழுதினேன்."

எல்லாத் தலையும் திரும்பியது. தலைவர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"படிச்ச பொண்ணும்மா நீ. எங்க யாரையாவது ஒரு வார்த்த கேட்டியா? நாளிக்கு அவன் எண்ணெ எடுக்கறேன்னு ஏரில வந்து குழி போட்டா, உங்க ஆளுதானே ஒத்துக்கினாருன்னு இந்தக் காயிதத்தைத்தானே காட்டுவான்?"

தீர்ப்பு இதுதான்: கையெழுத்தை ரத்து செய்து கம்பெனி சீல் வைத்த கடிதம் வர வேண்டும். வரும்வரை வேலுவின் பெயர் பாடு முறை வரிசையில் இருக்காது.

எங்கள் வீட்டில் வேறு வருமானம் இல்லை. இந்தப் பத்திக்கு வருவது பாப்பாவின் பால் பவுடருக்குச் சரி.

ஃபார்மின் அடியில் பொன்னேரி முகவரி இருந்தது. கையெழுத்தை ரத்து செய்யச் சொல்லி நானே ஒரு கடிதம் எழுதி, மறுநாளே எடுத்துக்கொண்டு போனேன். மாடியில் ஒரே ஒரு அறை, ஏ.சி., ஒரு பையன். தம்பி என்று கூப்பிடும் வயசு.

"மேடம், சர்வே பண்ணது ஒரு கம்பெனி. ஃபார்ம் வாங்குனது இன்னொரு கம்பெனி. டிரில்லிங் யாருன்னு எங்களுக்கே தெரியாது. நாங்க ஆபீஸ் மட்டும்தான் பாத்துக்கறோம்."

"அப்போ ரத்து பண்றது யாரு தம்பி?"

"டேட்டா மேல போயிடுச்சு மேடம். நான் வேணா ரிசீவ்டுன்னு போட்டுத் தரேன்." டிராயரைத் திறந்தான். உள்ளே மூன்று சீல். மூன்று கம்பெனி. "எந்த சீல் வைக்கட்டும்?"

நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

"மூணும் வை" என்றேன்.

ஊரில் ஒரே பாராட்டு. "மூணு சீலா! படிச்ச பொண்ணுன்னா சும்மாவா?" என்றார் செல்வி அக்கா. தலைவர் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மூன்று சீலையும் விரலால் தொட்டார். வேலுவின் பெயரை அன்றைக்கே வரிசையில் சேர்த்தார்கள். வேலு செல்லமாக என் தலைமுடியைக் கலைத்துவிட்டுப் போனார்.

சீலோடு அந்தப் பையன் எழுதிய 'ரிசீவ்டு'க்கு அர்த்தம் 'வந்து சேர்ந்தது' என்பது மட்டும்தான். ரத்து செய்ததாக யாரும் எழுதவில்லை. நானும் சொல்லவில்லை.

இந்தத் திங்கட்கிழமை வேலு வலையோடு போய்த் திரும்பினார். "அன்னிக்கு வலை கட்டின எடத்துகிட்ட எவனோ சிவப்புக் கொடி நட்டிருக்கான். நம்பர்லாம் போட்டிருக்கு" என்றார் சாதாரணமாக. போனில் எடுத்த படத்தைக் காட்டினார். நான் உள்ளே போய் என் நகலை எடுத்துப் பார்த்தேன். வலது மூலையில் அதே நம்பர்.

அன்றிலிருந்து எண்ணெய் எடுக்கும் வீடியோவாகப் பார்க்கிறேன். பாறையை உடைக்கத் தண்ணீரும் மணலும் ரசாயனமும் அழுத்தி இறக்குகிறார்கள். பாப்பா ஏரிக்கரையில் காலை நனைத்து விளையாடினால் ஓடிப்போய்த் தூக்கிவிடுகிறேன். இன்னும் ஒரு குழிகூடப் போடவில்லை. தெரியும். ஆனாலும் தூக்கிவிடுகிறேன்.

சொன்னால் வேலுவின் பெயர் மறுபடி போகும். சொல்லாவிட்டால்? ஊரே அந்தச் சீல்களை நம்பிச் சும்மா இருக்கும். கேட்க வேண்டிய நேரத்தில் யாரும் கேட்க மாட்டார்கள்.

எங்கள் குப்பத்து டீக்கடைக்கு இந்தப் பத்திரிகை சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வந்துவிடும்... நான் ஆறரைக்கே தலைவர் வீட்டு வாசலில் நிற்க வேண்டும்.