விட்டுப்போன இரண்டு அடி

இந்த ஊரில் பேண்டு சத்தம் கேட்டால் ஆட்கள் கையில் காப்பிக் கோப்பையோடு வாசலுக்கு வந்து ஆடுகிறார்கள். நியூ ஆர்லியன்ஸுக்கு வந்து ஐந்து வருடமாகியும் எனக்கு இது பழகவில்லை. தெருமுனையில் டிரம்பெட் கேட்டதும் என் கை தானாகத் தொப்பியைக் கழற்றும். "யாருக்காக்கும்?" என்று வாய் முணுமுணுக்கும். தேங்காய்ப்பட்டணம் போகிற ரோட்டோரம் இருக்கிற எங்கள் ஊரில் கேட்கிற கேள்வி அது. கல்யாணத்துக்கும் சபை விழாவுக்கும் பேண்டு உண்டுதான், ஆனால் அது வருவது முன்கூட்டியே தெரிந்திருக்கும். சொல்லாமல் வருகிற பேண்டு சவ அடக்கத்துக்கு வருகிற பேண்டு.

என் மனைவி மேபல் நெய்யூரில் நர்சிங் படித்தவள். அவள் வேலைக்கு வந்தாள், அவள்கூட நான் வந்தேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். படிப்பு வராமல் இல்லை, பரீட்சை அன்று காலையில் வயிறு போய்விடும். இங்கே ஒரு ஹோட்டல் அடுக்களையில் பாத்திரம் கழுவும் மிஷினுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் மெல்வின். அவர் இந்த ஊர்க் கறுப்பினத்தவர், அறுபது தாண்டியவர். வாரநாளில் தட்டு அடுக்குவார், ஞாயிற்றுக்கிழமை டிராம்போன் வாசிப்பார். அவரைக் கேட்க ஜனம் வரும் என்று மற்றவர்கள் சொன்னபோது நான் நம்பவில்லை. எங்கள் ஊரிலும் அப்படித்தானே, மரச்சீனிக் கிழங்கு சுமக்கிற ஆள்தான் சனிக்கிழமை கிளாரினெட் வாசிப்பார் என்பது எனக்கு அப்போது ஓர்மை வரவில்லை.

போன மாதம் மெல்வின் சொன்னார், ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவில் ஜாஸ், ப்ளூஸ் வாசித்தவர்களுக்கும் வாசிக்கிறவர்களுக்கும் ஒரு கொண்டாட்டம், செத்தவர்கள் பெயரும் சொல்வோம், இருப்பவர்கள் பெயரும் சொல்வோம், நீயும் வா, செகண்ட் லைனில் சேர்ந்துகொள் என்று. செகண்ட் லைன் என்றால் இரண்டாவது வரிசை. எனக்கு வரிசை தெரியும். பாஸ்போர்ட்டுக்கு, மெடிக்கலுக்கு, விசாவுக்கு, கைரேகைக்கு என்று வாழ்க்கையில் பாதியை நான் வரிசையில்தான் கழித்திருக்கிறேன். தப்பான வரிசையில் நின்று மறுபடி முதலிலிருந்து நின்றதும் உண்டு. அதனால் ஞாயிறு காலையில் பிளாஸ்டிக் உறையில் பாஸ்போர்ட், கிரீன் கார்டு, அதன் நகல் மூன்று, போட்டோ நான்கு எல்லாம் எடுத்து வைத்தேன்.

"பாட்டு கேக்கப் போறியளா, தாலுக்காபீசுக்குப் போறியளா?" என்றாள் மேபல்.

"ரெண்டாவது வரிசையில நிக்கச் சொல்லியிருக்கான். என்னத்தையாவது கேட்டா?"

"நாலு போட்டோ போதுமா? கலியாணம் கெட்டிய சர்ட்டிபிகேட்டையும் எடுத்திட்டுப் போங்க" என்று சிரித்துக்கொண்டே அவள் டியூட்டிக்குப் போனாள்.

தெருவில் ஆயிரம் பேர் இருந்தார்கள், ஒரு வரிசையும் இல்லை. முதல் வரிசை எது என்று தெரிந்தால்தானே இரண்டாவதைப் பிடிக்க முடியும். மஞ்சள் குடை பிடித்த ஓர் அம்மாவிடம், உறையைக் காட்டி, செகண்ட் லைன் எங்கே என்று கேட்டேன். "யூ ஆர் இன் இட், பேபி" என்றார். முன்பின் தெரியாத ஒரு பெண் என்னைப் பேபி என்று சொன்னதில் காது சூடாகி நான் இரண்டடி பின்வாங்கினேன். பிறகுதான் புரிந்தது. வாசிப்பவர்களும் விழா வீட்டுக்காரர்களும் முன்னால் போவது முதல் வரிசை. அவர்களுக்குப் பின்னால் ஆடிக்கொண்டு யார் வேண்டுமானாலும் சேர்கிற கூட்டம்தான் செகண்ட் லைன். அதில் சேர ஒரு காகிதமும் வேண்டாம். அமெரிக்காவில் என்னிடம் ஒன்றும் கேட்காமல் சேர்த்துக்கொண்ட முதல் வரிசை இந்த இரண்டாவது வரிசைதான்.

எங்கள் சபை பேண்டில் அப்பா கிளாரினெட். பெயர் ஏசுவடியான். பள்ளிக்கூடத்தை விட்ட வருடமே நான் பெரிய டிரம்மைத் தோளில் மாட்டினேன். அடக்கத்துக்குப் போகும்போது பெரிய டிரம்முக்கு வேலை குறைவு, பயம் அதிகம். இடது கால் தரையில் படும்போது ஓர் அடி, அவ்வளவுதான். சவப்பெட்டி தூக்குகிறவர்கள் அந்த அடிக்குத்தான் கால் வைப்பார்கள். ஓர் அடி விட்டால் நான்கு பேருக்கும் கால் மாறும், பெட்டி ஆடும். எனக்குப் பொருத்தமான வேலை. எந்நேரமும் எதையாவது எண்ணிக்கொண்டே இருக்கிறவன்தானே நான். பதினேழு வருடம் ஓர் அடி விட்டதில்லை. "எனக்க மகனுக்கு எட்டாங்கிளாசு பாசாகத் தெரியாது, சவத்த நேரா கொண்டு சேக்கத் தெரியும்" என்று அப்பா கட்டன்சாயாக் கடையில் சொல்வார். அதைப் பெருமையாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

அப்பா இறந்து மூன்று வருடமாகிறது. அப்போது எங்கள் கிரீன் கார்டு கைக்கு வரவில்லை. போனால் திரும்பி உள்ளே விடுவார்களா என்பதற்கு உறுதி சொல்ல முடியாது என்றார் வக்கீல். போயிருக்கலாம். பயந்தேன். அக்கா அடக்கத்தின் வீடியோவை அனுப்பியிருந்தாள். இத்தனை நாளும் நான் அதைத் திறக்கவில்லை. டிரம் யார் அடித்தார் என்றும் கேட்கவில்லை. அப்பாவின் பெட்டி ஆடியிருக்குமோ என்று ஒரு பயம். நான் இல்லாமலே ஆடாமல் போய்ச் சேர்ந்திருக்குமோ என்று இன்னொரு பயம். இதில் எது பெரிது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

தெருவின் நடுவில் ஒரு மேடை. வயதான ஒரு பெண் நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் கித்தாரை வைத்து ப்ளூஸ் பாடினார். முதல் வரியைப் பாடினார். அதே வரியைத் திரும்பவும் பாடினார். மூன்றாவது வரியில்தான் விஷயத்தைச் சொன்னார். கூட்டம் அந்த மூன்றாவது வரிக்காகவே காத்திருந்து உறுமியது. என் அக்கா போனில் பேசுவதும் இப்படித்தான். பிறகு செத்த இசைக்காரர்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொன்னார்கள், ஒவ்வொன்றுக்கும் சின்ன டிரம்மில் ஓர் உருட்டு. உயிரோடு இருப்பவர்களின் பெயர் வந்தபோது அவரவர் வாத்தியத்தைத் தூக்கிக் காட்டினார்கள். மெல்வின் பெயருக்கு எழுந்த சத்தத்தைக் கேட்டு, நாளைக்கு இவர் கையில் நான் எப்படி எச்சில் தட்டைக் கொடுப்பேன் என்று கவலைப்பட்டேன்.

பெயர் விட்டுப்போனவர்கள் யாராவது உண்டா என்று கேட்டார்கள். மெல்வின் என்னைப் பார்த்தார். உன் அப்பா வாசிப்பார் என்றாயே என்றார். நான் தலையை ஆட்டி மறுத்தேன். அது ஜாஸ் இல்லை, அடக்கத்துக்கு வாசிக்கிற சபைப் பாட்டு என்றேன். என்ன பாட்டு என்றார். மெதுவாக முனகிக் காட்டினேன். இரண்டு வரி முடிவதற்குள் அவர் டிராம்போனை எடுத்து மூன்றாவது வரியை வாசித்துவிட்டார்.

"இது எங்கள் பாட்டு" என்றார்.

"இல்லை, எங்கள் பாட்டு" என்றேன். எங்கள் ஊருக்கு இது வெள்ளைக்கார மிஷனரியோடு வந்தது என்பதை நான் சொல்லவில்லை. அவர்களுக்கும் எங்கிருந்தோ வந்ததுதான் என்பதை அவரும் சொல்லவில்லை.

மைக்கில் அப்பாவின் பெயர் "ஜேசு ஆடியன்" என்று ஒலித்தது. திருத்த நினைத்தேன், அதற்குள் உருட்டு முடிந்துவிட்டது. அந்தப் பாட்டை மெதுவாக வாசித்தபடி ஊர்வலம் நகர்ந்தது. என் இடது கால் பட்ட இடத்தில் எல்லாம் பெரிய டிரம்மின் அடி விழுந்தது. தெருக்கோடி வந்ததும் வாசிப்பு மாறியது, தாளம் துள்ளியது, குடைகள் குதித்தன. எங்கள் ஊரில் கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது யாரும் வாசிக்கமாட்டார்கள். வாத்தியத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பேசாமல் நடப்பார்கள், கால் கழுவுவார்கள், கட்டன்சாயா குடிப்பார்கள். நான் ஆடவில்லை. நிற்கவுமில்லை. உறையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நடந்தேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அக்காவைக் கூப்பிட்டேன். அங்கே திங்கட்கிழமை விடியப்போகிற நேரம்.

"என்ன மக்கா, ஒனக்கு ஒண்ணும் இல்லயே?"

"ஒண்ணுமில்ல. அப்பாக்க அடக்கத்துக்கு பெரிய டிரம்மு யாராக்கும் அடிச்சது?"

"மூணு வருசம் கழிஞ்சு கேக்கியா லே" என்றாள். பிறகு சொன்னாள். "அடக்கம் நல்லா நடந்து. நல்லாத்தான் நடந்து. டிரம்முதான் ரெண்டு எடத்துல விட்டுப்போச்சு. அடுத்த சபைக்காரன் ஒருத்தன், பாலத்துல ஒண்ண விட்டான், கல்லறைத் தோட்டத்து கேட்டுல ஒண்ண விட்டான். பெட்டி ஆடிப்போச்சு. அப்பா எழும்பி ஏசப்போறாவன்னு எல்லாரும் சிரிச்சிட்டாவ. நானும் சிரிச்சிட்டேன். சிரிச்சதுதான் பொறவு அழுகையும் கரச்சலுமாப் போச்சு."

போனை வைத்துவிட்டு வீடியோவைத் திறந்தேன். குடைகள், வெள்ளை வேட்டிகள், அப்பாவின் இடத்தில் வேறொரு கிளாரினெட். இடது காலுக்கு ஓர் அடி, ஓர் அடி. பாலம் வந்தது. அடி விழவில்லை, பெட்டி சாய்ந்தது. நான் வீடியோவை நிறுத்தி, பின்னுக்குத் தள்ளி, மறுபடி ஓடவிட்டேன். இந்தத் தடவை அந்த இடத்தில் சாப்பாட்டு மேசையில் கையை மடக்கி ஓங்கி ஒன்று அடித்தேன். கேட் வந்தபோது இன்னொன்று.

"கதவத் தட்டுத சத்தம் கேக்குது, யாராக்கும்?" என்று டியூட்டி முடிந்து வந்து படுத்திருந்த மேபல் எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். வாசலில் யாருமில்லை. கொண்டாட்டம் இன்னும் கலையாத தெருவிலிருந்து டிரம்பெட் சத்தம் உள்ளே வந்தது. மேசையின்மேல் இருந்த போனில் அப்பா கல்லறைத் தோட்டத்துக்குள் போய்க்கொண்டிருந்தார். கதவைச் சாத்தட்டுமா என்று மேபல் கேட்டாள். கொஞ்சம் இருக்கட்டும் என்றேன்.