மழை விடுமுறையில் கங்கைகொண்ட சோழபுரம், வழியில் ஒரு குவாரி

இல்லை, வெயில் காலத்தில் நாங்கள் எங்கும் போனதில்லை. மழையில்தான். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் குவாரியில் வேலை பார்ப்பவர்கள் வீட்டில் சுற்றுலா என்றால் அது மழை நாள். வெயில் அடித்தால் வேலை. கனமழை பெய்தால் பள்ளத்தில் தண்ணீர் நிற்கும், லாரி இறங்காது, காலையில் வேலைக்கு அழைக்கும் சங்கு ஊதாது. அன்றைக்குத்தான் அப்பா வீட்டில் இருப்பார். இரண்டு குடை, ஒரு தூக்குவாளி, நான்கு பேர்.

எனவே மழையில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு எங்கே போவது என்று கேட்பவர்களுக்கு என்னால் ஓரளவு பதில் சொல்ல முடியும். அரியலூரில் சினிமாவுக்குப் போகலாம். பெஞ்சு டிக்கெட் ஒரு ரூபாய். ஆனால் தகரக் கூரை. பலத்த மழையில் வசனம் கேட்காது, வாயசைவைத்தான் பார்க்க வேண்டும். பெரம்பலூரிலிருந்து வடக்கே பதினேழு கிலோமீட்டரில் ரஞ்சன்குடிக் கோட்டை. நிலவறைகள் உண்டு என்று நம்பிப் போகாதீர்கள். மழையில் அங்கே முழங்கால் தண்ணீர். இரண்டுக்கும் போய் ஏமாந்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

கங்கைகொண்ட சோழபுரம் மழைக்கு ஏற்ற இடம். போன ஐப்பசியில் போனோம். அதை எழுத வேண்டும்.

நான் திருச்சியில் எம்.ஏ. முதல் வருடம். விடுதியிலிருந்து நான்கு நாள் விடுப்பில் வந்திருந்தேன். வந்த அன்று மாலையே மழை பிடித்துக்கொண்டது. அப்பா குவாரியில் துளை போடும் ஆட்களுக்கு மேஸ்திரி. பாறையில் எங்கே துளையிட வேண்டும் என்று சுண்ணாம்பால் புள்ளி வைப்பவர் அவர். அந்தத் துளைகளில்தான் வெடி வைப்பார்கள்.

"நாளைக்குச் சங்கு ஊதாது" என்றார் சாப்பிடும்போது. பிறகு என்னைப் பார்க்காமல், "எல்லாரும் குவாரிக்கு வரீங்களா? மேல் பெஞ்சுல ஒரு நத்தைக் கல்லு வெளிய தெரியுது. பெருசு. இந்த இருபது வருசத்துல அப்படி ஒன்ன நான் பாத்ததில்ல. வேல நடக்கறப்ப பொம்பளைங்கள உள்ள விட மாட்டாங்க. வாட்ச்மேன்கிட்ட சொல்லி வச்சிருக்கேன்."

தங்கை வசந்தா எட்டாம் வகுப்பு. "கல்லுக்காரர் வூட்டுப் புள்ளைங்களுக்கு லீவு விட்டாலும் கல்லுதானா?" என்றாள்.

"நீ வாய மூடிச் சாப்புடு" என்றாள் அம்மா. அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

"அது எத்தன நாளைக்கு இருக்கும்பா?" என்று கேட்டேன்.

"மழ விட்டா துள போடணும். நாந்தான போடணும்."

எங்கள் ஊர் ஒரு காலத்தில் கடலாக இருந்தது, நத்தைக் கல் என்பது அந்தக் கடலில் வாழ்ந்த உயிர் கல்லாக இறுகியது என்று கல்லூரியில் ஒருவர் வந்து பேசினார். கைதட்டினேன். ஆனால் அப்பாவின் குவாரியைப் பார்க்கப் போவது எனக்கு ஒரு பயணமாகத் தோன்றவில்லை. அதை இப்போது மறைத்து என்ன பயன்.

கணக்கும் போட்டேன். குவாரிக்காரர் வீட்டில் எல்லோரும் போடும் கணக்குதான். ஒரு நாள் மழை என்றால் பம்பு வைத்துத் தண்ணீர் இறைக்க மூன்று நாள். மூன்று நாளும் வெடி கிடையாது. நாளைக்குக் கோயில், மறுநாள் குவாரி என்றேன். அப்பா "சரி" என்றார்.

காலை 7.15க்கு அரியலூரில் பஸ். ஜெயங்கொண்டத்துக்கு ஒரு மணி நேரம், ஆளுக்கு மூன்று ரூபாய். ஜன்னல்களில் தார்ப்பாயை இறக்கி விட்டிருந்தார்கள். இருந்தும் சீட்டெல்லாம் ஈரம்.

"டிக்கெட்டோட கொடையும் குடுப்பீங்களா தம்பி?" என்றாள் அம்மா கண்டக்டரிடம்.

"டிரைவரக் கேளுங்கம்மா. மொதல்ல அவரு தலையிலதான் ஒழுவுது."

7.20. குவாரி நிறுத்தம். அப்பா தார்ப்பாயை விலக்கி வெளியே பார்த்தார். சிவப்பு மண், கேட், கேட்டுக்குப் பின்னால் வெள்ளையாக ஒரு பள்ளம். வாட்ச்மேன் கூண்டில் யாரோ கை தூக்கினார்.

"இப்ப எறங்கினா அரை மணி நேரந்தான். அடுத்த பஸ்சுல போயிடலாம்" என்றார்.

"ஜெயங்கொண்டத்துல அடுத்த பஸ் போயிடும்பா. திரும்பி வரும்போது எறங்கலாம்."

கண்டக்டர் எங்களைப் பார்த்தார். அப்பா போகலாம் என்று தலையசைத்தார். விசில்.

ஜெயங்கொண்டத்திலிருந்து கோயிலுக்கு இருபது நிமிடம், தொண்ணூறு பைசா. ஒன்பது மணிக்குள் உள்ளே இருந்தோம். மழையில் ஆளே இல்லை. நீண்ட மண்டபம், இருட்டு, வௌவால் வாடை, ஒரு சொட்டுகூட ஒழுகாத கூரை. பிள்ளைகள் ஓடலாம். உட்கார்ந்து தாயம் ஆடலாம், நாங்கள் ஆடினோம். வசந்தா மூன்று ஆட்டம் ஜெயித்தாள். புளிச்சோறும் வறுத்த வேர்க்கடலையும். மழை கொஞ்சம் தணிந்தபோது விமானத்தைச் சுற்றி வந்தோம். ஈரத்தில் சிற்பங்கள் கறுத்துத் தெளிவாகத் தெரிந்தன. வெயிலில் அப்படித் தெரியாது.

நான் பேசிக்கொண்டே இருந்தேன். எந்த அரசன், எந்த நூற்றாண்டு, எந்தச் சிற்பத்தில் எது. அப்பா கேட்டுக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் சுவரில் உள்ளங்கையை வைத்து நின்றார்.

"ஆப்பு அடிச்சுப் பொளந்திருக்கான் பாரு. ஒரே நேர்ல வந்திருக்கு. நல்ல வேலக்காரன்." கொஞ்சம் கழித்து, "ஆனா இது கருங்கல்லு. இதுக்குள்ள உசுரு எதுவும் இருந்ததில்ல."

நான் அடுத்த சிற்பத்துக்குப் போய்விட்டேன்.

மூன்று மணிக்குத் திரும்ப பஸ் ஏறினோம். ஜெயங்கொண்டம் தாண்டி ஓர் ஓடையில் பாலத்துக்கு மேல் தண்ணீர். டிரைவர் இறங்கிப் பார்த்தார், பீடி பற்ற வைத்தார், திரும்பி வந்து உட்கார்ந்தார். இரண்டு மணி நேரம். குவாரி நிறுத்தம் வந்தபோது இருட்டிவிட்டது. யாரும் எழுந்திருக்கவில்லை.

"நாளைக்குப் போலாம்பா" என்றேன்.

"ம்."

மறுநாள் காலை சுள்ளென்று வெயில். ஏழு மணிக்குச் சங்கு ஊதியது. முதலில் எனக்குப் புரியவில்லை. அப்பா சைக்கிளில் சாப்பாட்டு அடுக்கைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"தண்ணி எறைக்கலையேப்பா?"

"தண்ணி கீழ் பெஞ்சுல. மேல் பெஞ்சு ராத்திரியே வடிஞ்சிருக்கும்."

குவாரியைப் படிப்படியாக வெட்டி இறக்குவார்கள். ஒவ்வொரு படியும் ஒரு பெஞ்சு. மேல்படியில் தண்ணீர் நிற்காது, பம்பும் வேண்டாம். இது எனக்கு ஐந்து வயதிலிருந்து தெரியும். மேல் பெஞ்சு என்று அவர் முதல் நாளே சொல்லியிருந்தார். காதில் விழுந்தது.

"ஏன்பா அப்பவே சொல்லல?"

"நீ கோயில் பாக்கணும்னு சொன்ன" என்றார். குறையாகச் சொல்லவில்லை. குறையாகச் சொல்லியிருக்கலாம்.

வேலை நடக்கும் நாளில் எங்களை உள்ளே விட மாட்டார்கள். அன்று துளை போட்டார்கள். அதற்கு அடுத்த நாள் வெடி.

வெடிக்கு முன் மூன்று முறை சங்கு ஊதும். இரண்டாவது சங்குக்கு எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் யாராவது அலமாரிப் பக்கம் போவார்கள், அடுக்கி வைத்த டம்ளர்களைப் பிடித்துக்கொள்ள. நான் பெட்டியில் துணி வைத்துக்கொண்டிருந்தேன். 2.40க்கு எனக்கு ரயில். ஒரு மணிக்கு இரண்டாவது சங்கு. அம்மா எழுந்து போய் அலமாரியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மூன்றாவது. தரை ஒருமுறை தூக்கிப் போட்டது. ஒரு மூடி மட்டும் கீழே விழுந்து சுற்றி நின்றது.

"ஆயிருச்சு" என்றாள் அம்மா. எல்லா நாளும் சொல்வதுதான்.

ரயிலுக்குப் போகவில்லை. பெட்டியை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்பா ஐந்தரைக்கு வந்தார். புருவமெல்லாம் வெள்ளைத் தூசி. "போகலையா? ஒரு நாள் கிளாசு போச்சே."

"அந்தக் கல்லு எப்படிப்பா இருந்துச்சு?"

சைக்கிளைச் சாத்தினார். கால் கழுவினார். சொல்ல மாட்டார் என்று நினைத்தேன்.

"சுத்திச் சுத்தி உள்ள போவுது. வரி வரியா. சீப்புப் பல்லு மாதிரி." இரண்டு கையையும் விரித்தார். "இவ்ளோ." தனக்குத்தானே தலையாட்டிக்கொண்டு கைகளைக் கொஞ்சம் குறுக்கினார். "இல்ல, பொய் சொல்லக்கூடாது. இவ்ளோ."

"துண்டு ஏதாவது கெடச்சுதா?" என்றாள் வசந்தா.

"தேடினேன். எல்லாம் சல்லியாப் போயிருச்சு. லாரியில ஏத்திட்டாங்க." கைகள் இன்னும் அப்படியே இருந்தன. "அதச் சுத்திப் புள்ளி வைக்கலாம்னு பாத்தேன். எட்டு அடி விட்டு வைக்கணும். எஞ்சினியரு ஒத்துக்கல."

அந்தக் கைகளுக்கு நடுவே அவ்வளவு இடைவெளி. ஒரு மீட்டர் இருக்கும். அதைத்தான் நான் பார்த்தேன்.

போகிறவர்களுக்குச் சில. ஐப்பசி, கார்த்திகையில் காலை முதல் பஸ்ஸில் கிளம்புங்கள். இரண்டு மணிக்குள் திரும்பிவிடுங்கள், ஓடைகள் அதற்குப் பிறகுதான் பெருகும். கோயிலுக்கு அருகே நல்ல சாப்பாட்டுக் கடை இல்லை, கட்டிக்கொண்டு போங்கள். குழந்தைகளுக்கு மாற்றுத்துணி ஒன்று போதாது, இரண்டு. கரிசல் மண்ணில் செருப்போடு இறங்காதீர்கள், செருப்பு திரும்பி வராது. கோயில் அடுத்த மாதமும் இருக்கும், அடுத்த வருடமும் இருக்கும். உங்களோடு வருபவர் வழியில் ஓரிடத்தில் இறங்கலாமா என்று கேட்டால், பஸ்ஸை விட்டுவிட்டு இறங்குங்கள்.

மறுநாள் காலை 6.20 பாசஞ்சரில் திருச்சிக்குப் போனேன். விடுதியில் பெட்டியை வைத்துவிட்டு இரண்டாவது வகுப்புக்குப் போய் உட்கார்ந்தேன்.