சாக்ஸ் பொம்மையின் குரல்

என் தம்பிக்கு நாற்பத்திரண்டு வயது. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிக்கிற வேலை, பதினெட்டு வருஷமாக. கறை பட்டதைத் தனியே போட்டுவிட்டு, மற்றதை நான்காக மடித்து, மடிப்பெல்லாம் ஒரே பக்கம் பார்க்கும்படி இருபது இருபதாக அடுக்குவான். அவன் அடுக்கை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. நர்ஸுகள் அப்படியே தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். வெளியாட்களிடம் இதைப் பெருமையாகச் சொல்வேன். வீட்டில் அவனுக்கு நான் வைத்த பெயர் 'ரிப்பீட்டு'.

கேட்டதையே கேட்பான். கேஸ் மூடியாச்சா, கதவு பூட்டியாச்சா, நாளைக்கு எந்த ஷிஃப்ட். பதில் சொல்லி வாய் மூடுவதற்குள் மறுபடியும் முதலிலிருந்து. எனக்கோ பல் டாக்டரிடம் டோக்கன் கூப்பிடுகிற வேலை. நாளெல்லாம் தொண்டை கிழியக் கத்திவிட்டு வருகிறவளுக்குப் பொறுமை எங்கே மிச்சமிருக்கும்? "ஒரு தடவை சொன்னா மண்டையில ஏறாதா?" என்பேன். அம்மா அப்பா போன பிறகு அவனைப் பார்த்துக்கொள்வது நான்தானே, இதைக்கூடச் சொல்லக் கூடாதா என்று நினைப்பு.

அவனுக்கு ஆட்டிசம் என்று தெரிந்ததே முப்பத்தொன்பதில்தான். சனிக்கிழமை சிகிச்சைக்கு அனுப்பச் சொன்னார்கள். வரைவது, ஒட்டுவது, பொம்மை செய்வது. அப்படியே தன்னிடம் தானே அன்பாக இருக்கப் பழகுவதாம். "ஏழு கழுதை வயசுல பொம்மை விளையாட்டா?" என்று மூன்று வருஷம் தள்ளிப்போட்டேன். இந்த வருஷம்தான் அனுப்பினேன்.

போன வாரம் குடும்பத்தாரை வரச் சொன்னார்கள். அரை நாள் லீவு போட்டுப் போனேன். ஒளிப்பானேன், 'இந்தக் காலத்தில் இப்படி ஒரு அக்காவா' என்று நாலு பேர் மெச்சிச் சொல்வார்கள் என்றுதான் போனேன்.

செய்தித்தாள் விரித்த நீள மேஜையைச் சுற்றி ஐந்தாறு பேர், எல்லாரும் வளர்ந்தவர்கள். தம்பி மட்டும் தொட்டியருகே நின்று பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டிருந்தான். கழுவினான், வெளிச்சத்தில் பார்த்தான், திரும்பக் கழுவினான். எல்லாரும் அவனுக்காகக் காத்திருப்பது எனக்கு மானக்கேடாக இருந்தது. "வாடா, போதும்" என்றேன். மூன்றாம் முறையும் குழாயைத் திறந்தான்.

"ஒரு தடவை சொன்னா மண்டையில ஏறாதா?"

கத்தக்கூட இல்லை. ஆனால் கழுத்தில் ஹெட்ஃபோன் மாட்டியிருந்த பெண் துள்ளி எழுந்துவிட்டாள். "கறுப்பு சாக்ஸ்! இவங்க அப்படியே கறுப்பு சாக்ஸ் மாதிரியே பேசறாங்க!"

மேஜைமேல் பட்டன் கண் வைத்த கறுப்பு சாக்ஸ் பொம்மை ஒன்று கிடந்தது. தனக்குள்ளே தன்னைத் திட்டுகிற குரலை ஒவ்வொருவரும் ஒரு பொம்மையாகச் செய்திருந்தார்கள். அது என் தம்பியுடையது. பக்கத்திலிருந்த, பேங்க்கில் வேலை பார்க்கிற ஒருவர் எனக்கு மரியாதையாக விளக்கினார்: "நாலு மாசமா நாங்க எல்லாருமா சேர்ந்து அதுக்கு அன்பா பதில் சொல்லிப் பார்க்கறோம் மேடம். அது இன்னும் அடங்கல."

முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. சிகிச்சை கொடுக்கிற அம்மா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உட்காருங்க" என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு மணி நேரமும் நான் வாயே திறக்கவில்லை. திறந்தால் அந்தக் குரல்தானே வரும்.

பஸ் நிறுத்தத்தில் கேட்டேவிட்டேன். "அந்தப் பொம்மை நான்தானேடா?"

அவனுக்குப் பொய் சொல்ல வராது.

"இல்லக்கா. நீ ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவைதான் சொல்லுவ. மீதி நேரமெல்லாம் நானேதான் சொல்லிக்கிறேன்."

என்னைச் சமாதானப்படுத்தத்தான் அப்படிச் சொன்னான்.