முகூர்த்தப் பட்டும் காந்த மிஷினும்

பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு ஊரில் உள்ள பிள்ளைகளெல்லாம் எரிமலை செய்தார்கள். சோடா மாவில் வினிகரை ஊற்றினால் பொங்கும், வேலை முடிந்தது. என் வயிற்றில் பிறந்தது மட்டும் காந்தப் பிரிப்பான் செய்தே தீருவேன் என்றது. ஓடும் பட்டையில் மணலையும் இரும்புத்தூளையும் கலந்து கொட்ட வேண்டும். மணல் முன்னால் உள்ள டப்பாவில் விழும். இரும்பு பட்டையோடு ஒட்டிக்கொண்டு அடியில் திரும்பிப் பின்டப்பாவில் விழும். கேட்க நன்றாகத்தான் இருந்தது. செய்து கொடுப்பவள் நானல்லவா!

பழைய ஸ்பீக்கர்களை உடைத்துக் காந்தங்களை எடுத்தோம். அவற்றைப் பிளாஸ்டிக் குழாய்க்குள் அடைத்தால் உருளை. கிழிந்த பையின் ரெக்சின்தான் பட்டை. உருளையைச் சுற்றுவதற்கு, தறிக்கு நூல் சுற்றும் ராட்டையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள் மகள்.

"நான் இன்னிக்கி தறியில உக்காரணுமா, வேணாமா?" என்று என் வீட்டுக்காரர் கத்தினார். நாங்கள் காதில் வாங்கவில்லை. முதல் சுற்றில் மணல் முழுக்க என் குழம்புச் சட்டிக்குள் போனது. பிறகு ஒருவழியாக ஒழுங்காகப் பிரித்தது. "இரும்புதான் ஒட்டும், தங்கம் வெள்ளியெல்லாம் ஒட்டாது" என்று வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் மகள் விளக்கம் வேறு சொன்னாள்.

அதைப் பார்த்துக்கொண்டிருந்த எதிர்வீட்டு அக்கா ஓடிப்போய் ஒரு பட்டுப்புடவையோடு வந்தார். அடுத்த வாரம் அவர் மகளுக்குக் கல்யாணம். அந்தப் பெண்ணும் பின்னாலேயே வந்தாள். அவளுக்கு மாப்பிள்ளை மேல் உயிர்.

"தங்கம் வெள்ளி ஒட்டாதுன்னு சொன்ன இல்லம்மா? மாப்ள வீட்டுல குடுத்த முகூர்த்தப் பட்டு. ஜரிகை அசல்தானான்னு மனசு அடிச்சிக்கினே இருக்குது. ஒருதபா காட்டு."

மடித்த புடவையை என் மகள் உருளை அருகே கொண்டுபோனாள். தக்கென்று ஒட்டிக்கொண்டது.

"அய்யய்யோ! ஏமாத்திட்டானுங்களே!"

தெருவே கூடிவிட்டது. உரசிப் பார்த்தே ஜரிகையின் தரம் சொல்பவர்கள் பட்டு நெசவே தொழிலான எங்கள் பிள்ளையார்பாளையத்தில் வீட்டுக்கு வீடு உண்டு. ஒருத்தராவது தொட்டுப் பார்க்க வேண்டுமே! "அதான் மிஷினே சொல்லிடுச்சே" என்றார்கள்.

"போலி ஜரிகைன்னா செம்புதான். செம்பும் ஒட்டாது! இது வேற ஏதோ!" என்று என் மகள் தொண்டை கிழியக் கத்தினாள்.

"சின்னப் பொண்ணு, உனக்கு இன்னா தெரியும்?" என்று அடக்கினார்கள். அந்த மிஷினுக்கு மூளையே அவள்தான். எனக்கு வந்த ஆத்திரத்தில் ராட்டையாலேயே நாலு சாத்து சாத்தலாம் போலிருந்தது.

அக்கா போனை எடுத்தார். "கல்யாணமே வேணாம்னு சொல்லிடறேன்" என்று சம்பந்தி நம்பரை அழுத்தினார். ரிங் போனது. கல்யாணப் பெண் அழுதுகொண்டே புடவையைப் பிடுங்கி, மடிப்பைப் பிரித்து ஓங்கி உதறினாள்.

டங்கென்று விரல் நீள ஆணி ஒன்று தரையில் விழுந்தது.

கல்யாணத் துணியைக் காத்து கருப்பு அண்டக்கூடாது என்று இரும்பு வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். வைத்தது யாரென்று கேட்கவே வேண்டாம், அக்காவின் முகமே சொன்னது. அதற்குள் மறுமுனையில் போனை எடுத்துவிட்டார்கள்.

"சம்மந்திம்மா... சாப்ட்டீங்களா?" என்றார் அக்கா. "ஒண்ணுமில்ல, சும்மாதான் போட்டேன்."

போனை வைத்ததும் ஆணியை எடுத்து முந்தானையில் துடைத்தார். புடவையை மடித்து, ஆணியைப் பழையபடி உள்ளே செருகினார். இன்னும் விம்மிக்கொண்டிருந்த மகளின் தலையைத் தடவிக் கொடுத்தார்.

"பாத்தியாடி? நான் மட்டும் இந்த ஆணிய வெக்கலனா, இன்னிக்கி உன் கல்யாணமே நின்னு போயிருக்கும்."